முதல் முறை தலைமை அலுவலர் பணி: மாதிரி வாக்குப்பதிவு, 17ஏ கணக்கு, மாலை சீல் குறித்து சில சந்தேகங்கள்

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். இதற்கு முன் பி2 (இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலர்) வேலை பார்த்ததுண்டு. இந்த முறை வாக்குச்சாவடி தலைமை அலுவலர் என்று ஆணை வந்திருக்கிறது. சட்டமன்றத் தொகுதி, ஒரே பேலட் யூனிட் (வாக்காளர் பொத்தான் அமுக்கும் கருவி), 1,100 வாக்காளர் அளவில் பூத். பயிற்சியில் கருவியை இணைத்துக் காட்டினார்கள், ஆனால் ஒரு செட்டைச் சுற்றி முப்பது பேர். கை வைக்க வாய்ப்பே இல்லை. கையேட்டை முழுக்கப் படித்த பிறகும் மூன்று இடம் தெளியவில்லை.

ஒன்று, மாதிரி வாக்குப்பதிவு முடிந்ததும் எது முதலில்: கருவியில் அழிப்பதா, விவிபேட் (வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டை எடுப்பதா, சீல் வைப்பதா? இரண்டு, 17ஏ பதிவேட்டின் (வாக்காளர்கள் கையெழுத்திடுவது) கடைசி எண்ணும் கன்ட்ரோல் யூனிட் (வாக்குகள் பதிவாகும் கருவி) காட்டும் மொத்தமும் மாலையில் ஒன்றிரண்டு இடிக்கும் என்கிறார்களே, அது எங்கே பிசகுகிறது? மூன்று, ஆறு மணிக்கு மேல் வேலை வரிசை என்ன? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மண்டலம்7:

உங்கள் முதல் கேள்விதான் அன்றைய நாளிலேயே முக்கியமானது சார். அதனால் அதை மட்டும் நீட்டி எழுதுகிறேன்.

முதல் நாள் பொருள் வாங்கும்போதே சி.யூ. (கன்ட்ரோல் யூனிட்), பி.யூ. (பேலட் யூனிட்), விவிபேட் மூன்றின் எண்ணையும் உங்கள் பூத்துக்கு ஒதுக்கிய பட்டியலோடு சரிபாருங்கள். பச்சைத் தாள் சீல், ஸ்பெஷல் டேக், ஸ்ட்ரிப் சீல் ஆகியவற்றின் வரிசை எண்களைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்களை மறுநாள் அரை டஜன் படிவங்களில் எழுத வேண்டியிருக்கும். விவிபேட்டை அங்கேயோ இரவில் பூத்திலோ போட்டுப் பார்க்கவே கூடாது. காலையில் முகவர்கள் முன்னால்தான் அதற்கு மின்சாரம் போக வேண்டும்.

ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் மாதிரி வாக்குப்பதிவு 5.30-க்கு. குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் முகவர்கள் இருக்க வேண்டும். வரவில்லையென்றால் 15 நிமிடம் பொறுக்கலாம், அதற்குமேல் காத்திருக்க வேண்டாம். யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை அறிக்கையில் எழுதிவிட்டுத் தொடங்கிவிடுங்கள்.

இணைப்பு: பி.யூ. கேபிள் விவிபேட்டுக்கு, விவிபேட் கேபிள் சி.யூ.வுக்கு. சி.யூ. ஆஃப்பில் இருக்கும்போதுதான் கேபிளைச் செருகவும் கழற்றவும் வேண்டும். கழற்றும்போது இருபுறக் கிளிப்பையும் அமுக்கி நேராக இழுக்க வேண்டும், திருகினால் ஊசி வளைந்துவிடும். பிறகு எப்படி ஆன் செய்தாலும் 'லிங்க் எரர்' என்றே காட்டும். விவிபேட்டின் பின்புறம் பேப்பர் ரோலைப் பூட்டும் குமிழ் ஒன்று இருக்கிறது. அது படுக்கைவாட்டில் இருந்தால் பயண நிலை, செங்குத்தாக இருந்தால் வேலை நிலை. காலையில் 'கருவி ஓடவில்லை' என்று வரும் போன்களில் பல இந்தக் குமிழைத் திருப்பாததால் வருபவை. ஆகவே முதலில் அதைப் பாருங்கள்.

வாக்களிக்கும் மறைவிடத்தை ஜன்னலை ஒட்டி வைக்கக்கூடாது என்பது ரகசியத்துக்காக மட்டும் அல்ல. விவிபேட்டின் சென்சார் மேல் நேர் வெளிச்சம் விழுந்தால் பிழை காட்டும். 2018 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் கைரானா இடைத்தேர்தலில் ஏராளமான விவிபேட்டுகள் நின்றுபோனதற்கு வெளிச்சமும் ஈரப்பதமும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. தலைக்கு நேர்மேலே டியூப்லைட் எரிகிற வகுப்பறை என்றால் மேசையை நகர்த்திவிடுங்கள். விவிபேட்டை பி.யூ.வுக்கு இடப்பக்கம் வையுங்கள்.

ஆன் செய்ததும் விவிபேட் தன்னைத்தானே சோதித்து ஏழு சீட்டு அச்சடித்துப் பெட்டிக்குள் போடும். அவை வாக்குச் சீட்டு அல்ல. எண்ணும்போது தனியே ஒதுக்கிவிட வேண்டும். இது தெரியாமல் 'ஏழு கூடுதலாக இருக்கிறதே' என்று முகவர்கள் கூச்சல் போடுவதுண்டு. ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குறைந்தது 50 வாக்கு போட வேண்டும். நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வாக்காவது விழ வேண்டும். 12 வேட்பாளரும் நோட்டாவும் என்றால் நான்கு சுற்று அடித்து 52 என்று முடித்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். எல்லோருக்கும் நான்கு நான்கு என்று வந்தால் ஒருவருடையது இன்னொருவருக்குப் போயிருந்தாலும் முடிவில் தெரியாது. ஒருவருக்கு ஏழு, அடுத்தவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு ஐந்து என்று எண்ணிக்கையை மாற்றிப் போடச் சொல்லுங்கள். யாருக்கு எத்தனை என்று ஒரு தாளில் கோடு போட்டு எழுத ஓர் அலுவலரை உட்கார வையுங்கள்.

முடிந்ததும் வரிசை இதுதான்: 'குளோஸ்', பிறகு 'ரிசல்ட்'. திரையில் ஓடும் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு, உங்கள் கோட்டுக் கணக்கோடும் விவிபேட் சீட்டுகளோடும் வேட்பாளர்வாரியாக ஒத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் 'கிளியர்'. உடனே 'டோட்டல்' அமுக்கிப் பூஜ்யத்தை ஒவ்வொரு முகவருக்கும் காட்டுங்கள். பிறகு சி.யூ.வை ஆஃப் செய்து, விவிபேட் பெட்டியில் ஒரு சீட்டும் தங்கவில்லை என்று காட்டி, பெட்டியை மூடி, அட்ரஸ் டேக் கட்டி சீல். மாதிரிச் சீட்டு ஒவ்வொன்றின் பின்புறமும் அதற்குரிய ரப்பர் முத்திரை குத்தி, தடித்த கறுப்பு உறையில் போட்டு முத்திரையிட வேண்டும். அந்த உறையைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து இளஞ்சிவப்புத் தாள் சீல் ஒட்ட வேண்டும்.

சி.யூ.வின் சீல் கடைசியில். காரணம் எளிது: 'ரிசல்ட்', 'கிளியர்' இரண்டும் ரிசல்ட் பகுதியின் உள்கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தக் கதவில்தான் பச்சைத் தாள் சீலும் ஸ்பெஷல் டேக்கும் போகின்றன. அழிக்காமல் சீல் வைத்துவிட்டால் மாதிரி வாக்குகளின் மேலேயே உண்மையான வாக்கு ஏறத் தொடங்கிவிடும். அப்படி நடந்த சி.யூ.வை எண்ணிக்கையன்று தனியே ஒதுக்கிவிடுவார்கள். வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால் அந்த பூத்துக்கு விவிபேட் சீட்டை எண்ண வேண்டிவரும். ஒரு பொத்தானை மறந்ததற்கு ஒரு பூத்தின் அத்தனை பேர் வாக்கும் காத்துக்கிடக்கும்.

பச்சைத் தாளில் வெள்ளைப் பக்கம் கையெழுத்து, பச்சைப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். ஸ்ட்ரிப் சீலைச் சுற்றும்போது 'குளோஸ்' பொத்தானின் மூடி மேல் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் மாலையில் சீலைக் கிழித்தால்தான் பொத்தானை அமுக்க முடியும்.

தாமிரபரணி டீச்சர்:

மண்டலம்7 சார் சொன்னதற்குமேல் முதல் கேள்வியில் சேர்க்க ஒன்றே ஒன்று. முதல் வாக்காளர் 17ஏ-வில் கையெழுத்துப் போடும் முன், 'கன்ட்ரோல் யூனிட்டின் மொத்தம் சரிபார்க்கப்பட்டது, பூஜ்யம்' என்று அதே பதிவேட்டில் எழுதி நீங்களும் முகவர்களும் கையெழுத்திட வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 17ஏ-வும் சி.யூ.வும் இடிப்பதற்கு மூன்று வழி உண்டு.

அதிகம் நடப்பது வரிசை எண் பிசகு. பி2 பக்கம் திருப்பும்போது 120-க்கு அடுத்து 122 என்று எழுதிவிடுவார், அல்லது 120 இரண்டு தரம் வந்துவிடும். கூட்டம் நெருக்கும்போது யாருக்கும் கண்ணில் படாது. மாலையில் ஒரு வாக்கு காணோம் என்று தேடினால் உண்மையில் ஒரு வாக்கும் காணாமல் போயிருக்காது. இதற்கு மருந்து: ஐந்து மணிக்கு எழுந்து மாதிரி வாக்குப்பதிவுக்கு உட்காரும் முன், முதல் பத்துப் பக்கத்துக்கு வரிசை எண்ணைப் பென்சிலில் முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். பக்கம் முடியும்போது கடைசி எண்ணை பி2 உரக்கச் சொல்ல, பி3 (சி.யூ.வில் 'பேலட்' அமுக்கும் மூன்றாம் அலுவலர்) தன் கையிலுள்ள வாக்காளர் சீட்டோடு ஒத்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது, கையெழுத்துப் போட்டுவிட்டு வாக்களிக்காமல் வெளியேறுபவர். விதி 49-ஓ-படி 17ஏ குறிப்புப் பத்தியில் 'வாக்களிக்க மறுத்தார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், 17சி-யில் (பதிவான வாக்குகளின் கணக்குப் படிவம்) தனியாகக் காட்ட வேண்டும். இங்கே முக்கியம், பி3 ஏற்கெனவே 'பேலட்' அமுக்கிவிட்டாரா என்பது. அமுக்கிவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்தபடி கருவி ஒரு வாக்குக்காகக் காத்திருக்கும். மறுபடி அமுக்காமல் அடுத்த வாக்காளரை நேராக உள்ளே அனுப்புங்கள். மறுத்தவர் அன்றைய கடைசி ஆளாக இருந்தால் சி.யூ.வை ஆஃப் செய்து, விவிபேட் கேபிளைக் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்தால் அந்த விளக்கு அணைந்து 'குளோஸ்' வேலை செய்யும்.

மூன்றாவது, பி3 அவசரம். வாக்கு விழுந்ததும் 'பீப்' சத்தம் வரும், விளக்கு அணையும். இரண்டும் நடந்த பிறகே அடுத்த சீட்டை வாங்க வேண்டும். உள்ளே போனவர் பொத்தானை அரைகுறையாகத் தொட்டுவிட்டு வந்துவிடுவது முதியவர்களிடம் சகஜம். பீப் கேட்கவில்லையென்றால் அவர் வாசலைத் தாண்டும் முன் திருப்பி அனுப்புவது பி3-யின் வேலை. பொத்தான் எப்படி அமுக்குவது என்று கேட்பவருக்கு அட்டை மாதிரியைக் காட்டி வெளியிலேயே விளக்குங்கள். தனியாக மறைவிடத்துக்குள் போய்க் காட்டாதீர்கள்.

இரண்டு மணிக்கொரு தரம் நிலவரம் சொல்ல வேண்டும் அல்லவா, 9, 11, 1, 3, 5 என்று? அந்தந்த நேரத்திலேயே கணக்கையும் நேர் செய்துகொள்ளுங்கள். 17ஏ-வின் கடைசி எண்ணில் பி2-க்கும் மறைவிடத்துக்கும் இடையே நிற்பவர்களைக் கழித்தால் சி.யூ.வின் 'டோட்டல்' வர வேண்டும். 17ஏ-வில் 214, நடுவில் மூன்று பேர், திரையில் 211 என்றால் சரி. 210 என்றால் அப்போதே தேடுங்கள், இரண்டு மணி நேரப் பக்கங்கள்தான். மாலை ஆறரைக்குத் தேடத் தொடங்கினால் நாற்பது பக்கம். பி3 வாக்காளர் சீட்டை ஐம்பது ஐம்பதாகக் கட்டி வைத்தால் மூன்றாவது சாட்சியும் கையில் இருக்கும்.

வேகம் பற்றி ஒரு கணக்கு: 1,100 பேரில் 800 பேர் வந்தால் ஏழிலிருந்து ஆறு வரை ஆளுக்கு ஐம்பது விநாடிக்குக் குறைவு. விவிபேட் சீட்டு கண்ணாடியில் தெரிவதே ஏழு விநாடி. ஆகவே தாமதம் கருவியில் இல்லை, பட்டியலில் பெயர் பார்க்கும் பி1 மேசையில்தான். பாகம், வரிசை எண் தெரியாமல் வருபவரை வாசலில் பூத் நிலை அலுவலரின் உதவி மேசைக்கு அனுப்பிவிட்டால் பாதி நெரிசல் தீரும்.

மை விஷயம்: இடது ஆள்காட்டி விரலில் நகத்தின் மேல்முனையிலிருந்து முதல் கணு வரை ஒரு கோடு. மை முதலில், கையெழுத்து பிறகு, காய நேரம் கிடைக்கும். எண்ணெய்ப் பசை இருந்தால் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

வைகைக்கரை:

மிக்க நன்றி சார், மேடம். எண்ணிக்கையை மாற்றிப் போடும் யோசனை எந்தப் பயிற்சியிலும் சொல்லப்படவில்லை. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். வழக்கமில்லாத வாக்காளர்கள், அதாவது ரேஷன் கார்டோடு வருபவர், தன் வாக்கை யாரோ போட்டுவிட்டார் என்பவர், துணையோடு வருபவர், இவர்களை எப்படிக் கையாள்வது? விவிபேட் நடுவில் நின்றால் மறுபடி மாதிரி வாக்குப்பதிவு வேண்டும்தானே?

சாவடி நண்பன்:

ரேஷன் ஸ்மார்ட் கார்டு செல்லாது. நம் ஊரில் தினமும் எழும் தகராறு இதுதான். ஏற்கப்படும் ஆவணங்களின் பட்டியலில் 'ஸ்மார்ட் கார்டு' என்று வருவது தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின்படி தரப்பட்டதும், தொழிலாளர் அமைச்சகத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும்தான். பூத் சிலிப் மட்டும் கொண்டுவந்தாலும் செல்லாது. அடையாள அட்டை இல்லையென்றால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட், மாற்றுத்திறனாளி அட்டை போன்றவற்றில் ஒன்று போதும். கிராமத்துப் பெண்களிடம் ரேஷன் கார்டு இருக்குமிடத்தில் நூறு நாள் அட்டையும் பாஸ்புக்கும் அநேகமாக வீட்டில் இருக்கும். 'இல்லை, போ' என்று சொல்வதைவிட 'இதை எடுத்துவாங்கம்மா' என்று பெயர் சொல்லி அனுப்புங்கள்.

வாக்காளர் அட்டையில் எழுத்துப் பிழை, வயதில் சின்ன மாறுதல் இருந்தால் அதைப் பெரிதாக்காதீர்கள், ஆள் அவர்தான் என்று தெரிந்தால் போதும். வேறு தொகுதியில் வழங்கிய அட்டையாக இருந்தாலும் உங்கள் பட்டியலில் பெயர் இருந்தால் ஏற்கலாம். 17ஏ-வில் வாக்காளர் அட்டை என்றால் 'இபி' என்று எழுதினால் போதும். மற்ற ஆவணம் என்றால் கடைசி நான்கு இலக்கம்.

இடம்பெயர்ந்தோர், இறந்தோர் பட்டியலில் இருக்கும் பெயருக்கு ஆள் நேரில் வந்தால் திருப்பி அனுப்பக்கூடாது. ஆவணத்தை நீங்களே பார்த்து, பெயரை முகவர்களுக்குக் கேட்கும்படி சொல்லி, உறுதிமொழி வாங்கி, 17ஏ-வில் கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் எடுத்துவிட்டு வாக்களிக்க விடுங்கள்.

ஒருவர் பெயரில் ஏற்கெனவே வாக்கு விழுந்திருந்து, கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லி அவரே உண்மையான ஆள் என்று உங்களுக்குத் தெளிவானால் விதி 49-பி (49P). அவருக்குக் கருவி கிடையாது. ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு 20 தந்திருப்பார்கள். பின்புறம் அதற்கான முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, 17பி-யில் கையெழுத்து வாங்கி, அம்புக்குறி ரப்பர் முத்திரையோடு கொடுத்து, மடித்துவந்ததைத் தனி உறையில் போடுங்கள். இவரை 17ஏ-வில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் டீச்சர் சொன்ன கணக்கு அங்கேயே இடிக்கும்.

முகவர் ஒருவர் 'இவர் அந்த ஆள் இல்லை' என்று ஆட்சேபித்தால் 2 ரூபாய் ரொக்கம் வாங்கி ரசீது கொடுத்த பிறகே விசாரணை. நிரூபிக்க வேண்டியவர் முதலில் அந்த முகவர்தான்.

துணை: 18 வயது நிறைந்தவர், அன்றைக்கு ஒருவருக்கு மட்டுமே துணையாகலாம். உறுதிமொழியும் படிவம் 14ஏ-வும். துணைக்கு வந்தவருக்கு வலது ஆள்காட்டி விரலில் மை. பூத் அலுவலர் யாரும் துணையாகக் கூடாது. பி.யூ.வில் பிரெயில் எண்கள் உண்டு, பார்வையற்றவர் தாமே வாக்களிக்க விரும்புகிறாரா என்று முதலில் அவரிடமே கேளுங்கள், கூட வந்தவரிடம் அல்ல.

விவிபேட் நின்றால் மொத்த செட்டையும் மாற்றி, மறுபடி மாதிரி வாக்கு போட்டுத் தொடங்க வேண்டும்.

மண்டலம்7:

கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும் நண்பரே. வாக்குப்பதிவு நடக்கும்போது விவிபேட் மட்டும் பழுது என்றால் விவிபேட்டை மட்டும் மாற்றினால் போதும், மாதிரி வாக்குப்பதிவு கிடையாது. சி.யூ. அல்லது பி.யூ. பழுது என்றால்தான் மூன்றும் மாறும். அப்போது நோட்டா உட்பட ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு போட்டுப் பார்த்து, அழித்து, சீல் வைத்துத் தொடர வேண்டும். பழைய சி.யூ.வில் விழுந்த வாக்குகள் அதிலேயே இருக்கும், அதையும் சீல் வைத்துச் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். காலையில் மாதிரி வாக்குப்பதிவின்போதே பழுதானால் பழுதான கருவியை மட்டும் மாற்றலாம். மூன்று நிலையும் ஒன்றோடொன்று குழம்புவதால் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

சாவடி நண்பன்:

ஆமாம் சார், தவறாக எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னதே சரி.

கடைசி வரிசை:

மாலை வேலை பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

5.45-க்கே சிறு தாள்களில் எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு வரிசையின் வாலிலிருந்து கொடுத்துவர வேண்டும். கடைசியில் நிற்பவருக்கு 1, அவருக்கு முன்னால் நிற்பவருக்கு 2. தலையிலிருந்து கொடுத்தால், நீங்கள் வாலுக்கு வருவதற்குள் இன்னும் ஐந்து பேர் வந்து நின்றுவிடுவார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு காவலரை நிறுத்துங்கள்.

கடைசி வாக்கு விழுந்ததும் 'குளோஸ்'. திரையில் வரும் மொத்தத்தை அப்போதே எழுதுங்கள். 17ஏ-வில் கடைசிப் பதிவுக்குக் கீழே கோடு போட்டு, கடைசி வரிசை எண் இன்னது என்று எழுதி முகவர்களின் கையெழுத்து. 17சி-யில் பார்க்க வேண்டிய கழித்தல்: 17ஏ மொத்தத்தில் வாக்களிக்க மறுத்தவர், ரகசியம் மீறியதால் அனுமதிக்கப்படாதவர் ஆகியோர் போக மீதி, கருவியின் மொத்தத்தோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் எண்ணைத் திருத்தி ஒப்பேற்றாதீர்கள். வித்தியாசத்தை உள்ளபடி எழுதி, காரணத்தைத் தலைமை அலுவலர் டைரியில் எழுதுங்கள். 17சி நகலை இருக்கிற ஒவ்வொரு முகவருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அவர்கள் கேட்டுத்தான் தர வேண்டும் என்பதில்லை.

பிறகு சி.யூ. ஆஃப், கேபிள் கழற்றல். விவிபேட்டின் பேட்டரியை எடுத்துவிட வேண்டும், பேப்பர் ரோல் குமிழைப் படுக்கைவாட்டுக்குத் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் அதனதன் பெட்டியில் போட்டு அட்ரஸ் டேக், அரக்கு. மின்விசிறியை நிறுத்திவிட்டு அரக்கு உருக்குங்கள்.

உறைகளில், வாக்களித்தவர்களைக் குறியிட்ட வாக்காளர் பட்டியல், வாக்காளர் சீட்டு, ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டுகள், 17பி, ஆட்சேபப் பட்டியல் ஆகியவை பச்சை உறைக்குள் போகும் சட்டப்பூர்வ உறைகள். 17ஏ-வும் டைரியும் அதற்குள் போகாது, அவை பரிசீலனை உறைக்கானவை. 17சி-யைத் தனி உறையில் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் இடத்தில் முதலில் கேட்பது கருவியும் 17சி-யும் டைரியும்தான். இவற்றை வேறு உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டால் நள்ளிரவில் பிரித்துத் தேட வேண்டும். உறைகளின் மேல் தொகுதி எண், பாகம் எண் எல்லாம் முதல் நாள் இரவே எழுதி முடித்துவிடுங்கள். டைரியையும் அவ்வப்போது நிரப்பிவந்தால் மாலையில் இரண்டே பத்திதான் மிச்சமிருக்கும்.

வைகைக்கரை:

எல்லாம் அச்செடுத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று, என் சொந்த வாக்கு? பணி வேறு தொகுதியில் விழுந்திருக்கிறது.

தாமிரபரணி டீச்சர்:

வேறு தொகுதி என்றால் படிவம் 12, தபால் வாக்கு. இப்போது வீட்டுக்கு வாங்கிப்போய் அனுப்ப முடியாது. பயிற்சி மையத்தில் அமைக்கும் வாக்காளர் வசதி மையத்திலேயே போட்டுவிட வேண்டும். ஆகவே எந்த வகுப்பன்று அது நடக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, பணி ஆணை நகலும் அடையாள அட்டையும் எடுத்துப்போங்கள். உங்கள் குழுவில் யாருக்காவது அதே தொகுதியில் வாக்கு இருந்தால் அவருக்குப் படிவம் 12ஏ. பணிச் சான்றிதழோடு உங்கள் பூத்திலேயே கருவியில் போடலாம். அவர் பெயரைக் குறியிட்ட பட்டியலின் கடைசியில் சேர்த்து, 17ஏ-வில் கையெழுத்து வாங்கிவிட்டு விடுங்கள்.